சிங்கப்பூர்ச் சாரணர் இயக்கம் பிறந்த கதை

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் ஒரு முகாம் போட்டார். வசதியான பள்ளிகளில் படித்த பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து, சிறுசிறு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் தலைவன் ஒரு சிறுவனே. இந்த ஏற்பாடுதான் சாரணர் இயக்கத்தின் உயிர். கம்பும் கழுத்துத் துணியும் அதற்குப் பிறகுதான்.

மூன்றே ஆண்டுகளில், 1910 ஜூலை 2 அன்று, ஒய்எம்சிஏவைச் சேர்ந்த பெர்சி கோல்ட் சிங்கப்பூரில் ஒரு படையைத் தொடங்கினார். ஆனால் அதில் ஐரோப்பியச் சிறுவர்களுக்குத்தான் இடம். இங்கிலாந்தில் ஏழை பணக்காரன் பார்க்காத இயக்கம், காலனிக்கு வந்ததும் நிறம் பார்த்தது. சிராங்கூன் சாலைத் தமிழ்ப் பையன் வெளியே நின்றான்.

இந்தியாவிலும் அதே நிலைதான். 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய படையில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. இதைப் பொறுக்காத அன்னி பெசன்ட், தம் தோழர் அருண்டேலுடன் சேர்ந்து 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டார். 1921இல் இந்தியா வந்த பேடன் பவல் அந்தச் சங்கத்தைத் தம் இயக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் கதவைத் திறந்தவர் நாட்டிங்காமிலிருந்து வந்த ஃபிராங்க் கூப்பர் சாண்ட்ஸ். மலாய், சீன, இந்தியச் சிறுவர்கள் அவர் காலத்தில்தான் சீருடை அணிந்தார்கள். மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்த மண்ணில் இயக்கம் பிறந்ததே அப்போதுதான். 1910இல் வந்தது அதன் பெயர் மட்டுமே.

1942இல் ஜப்பானியர் வந்தார்கள். ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் இருந்த ஒய்எம்சிஏ கட்டடம், மக்கள் பெயரைச் சொல்லவே நடுங்கிய ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாயின் கையில் சிக்கியது. ஆனால் அந்த நாள்களிலும் இயக்கம் நிற்கவில்லை. சாங்கிச் சிறைக்குள், பெற்றோருடன் அடைபட்டிருந்த சிறுமிகளைக் கூட்டி, எலிசபெத் எனிஸ் என்ற தாதி சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்காகச் சிறுமிகள் ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். கிடைத்த கந்தலை அறுகோணத் துண்டுகளாக வெட்டினார்கள். பழைய துணியிலிருந்து உருவிய இழைதான் நூல். அந்தப் போர்வை இன்று பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் உடைமை.