குடியுரிமை மீளளிப்பு (மலையகத் தமிழர்)

குடியுரிமை மீளளிப்பு என்பது, இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் பறிக்கப்பட்ட நாட்டுரிமை, 2003 வரையான 55 ஆண்டுகளில் பல சட்டங்கள் வழியே படிப்படியாகத் திரும்பக் கிடைத்த வரலாற்றைக் குறிக்கும். பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய ஊவாப் பெருந்தோட்டங்களில் லயங்களில் (தொழிலாளருக்கான வரிசை வீடுகளில்) வாழ்ந்தோரும் இதற்கு உட்பட்டனர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவக் கோரியதால், பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்ட மக்களுள் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாத 'நாடற்றோர்' ஆயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி விண்ணப்பித்தோருள் ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். அதே ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் ஏனையோரின் வாக்குரிமையையும் நீக்கியதால், 1947இல் ஏழு இடங்களை வென்ற, இம்மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 1952இல் ஓரிடத்தையும் பெறவில்லை.

1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரான 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தது. இந்தியக் குடியுரிமை பெற்றோர் ரயிலில் தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுக்கு வேலை அளிக்கவே 1968இல் நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. 1984இல் கப்பல் சேவை நின்றதும் இப்பெயர்வும் தடைப்பட்டது.

இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதிருந்த 94,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெற 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையை எளிதாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம், போர்ச்சூழலால் இந்தியாவில் அகதிகளாயிருந்த இவ்வம்சாவளியினரையும் உள்ளடக்கியது.

இச்சட்டங்கள் எவையும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. அதை நிலைக்கவிட்டு, அதனால் விலக்கப்பட்டோருக்குத் தனி வழிகளை மட்டுமே அமைத்தன. ஆகையால் இம்மீளளிப்பு, எஞ்சியிருந்தோரின் சட்ட நிலையைச் சீர்செய்ததேயன்றி, ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாகி நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியேறிய குடும்பங்களின் பெயர்வை மாற்றவில்லை.