கும்பிடு பூச்சி யாருக்கு நண்பன்? கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டுத் தோட்டங்களை முன்வைத்து

தோட்டக் கையேடுகளில் கும்பிடு பூச்சிக்கு ‘நன்மை செய்யும் பூச்சி’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் நடைவழித் தொட்டிகளுக்கும், கிள்ளான் குடியிருப்புத் தாமான்களின் வேலியோரக் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் செம்பருத்திக்கும் அந்தப் பட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும்? அதைக் காப்பதற்கு வலுவான காரணம் உண்டு. பூச்சிக் கட்டுப்பாடு அந்தக் காரணம் ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கும்பிடு பூச்சி கண்ணை நம்பி வேட்டையாடுவது. இரை அசைந்தால்தான் பெரும்பாலும் அதன் கவனம் திரும்பும். இந்த ஒரு பண்பே நம் தோட்டத்தில் அதன் பயனைக் குறுக்கிவிடுகிறது. செம்பருத்தித் தண்டில் அப்பிக்கிடக்கும் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இடம் பெயர்வதே அரிது. கத்தரிக்காயைக் குடையும் புழு காய்க்குள்ளேயே வளர்கிறது. கறிவேப்பிலைக் கொழுந்தைச் சுருட்டும் சைல்லிட் பூச்சி, வளர்ந்த கும்பிடு பூச்சியின் பசிக்கு ஒரு பொருட்டே அல்ல. அதன் முன்கால்களில் அகப்படுபவை வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, ஈ, வண்ணத்துப்பூச்சி, தேனீ ஆகியவை. வெட்டுக்கிளி ஒழிந்தால் நமக்கு ஆதாயம். தேனீ போனால் பூசணியும் பாகலும் காய்ப்பது குறையும்; அவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு.

மலேசியக் காடுகளின் ஆர்க்கிட் கும்பிடு பூச்சி இந்தச் சிக்கலை உச்சத்துக்கே கொண்டுபோகிறது. அதன் நிறம் மகரந்தம் சுமக்கும் பூச்சிகளைத் தன்பால் இழுக்கிறது. மலேசியாவில் நடந்து 2014இல் வெளியான ஓஹான்லன் குழுவின் ஆய்வில், பக்கத்திலிருந்த பூக்களைவிட அதிகமான பூச்சிகள் அதை நாடி வந்தன. தோட்டக்காரரின் கணக்கில் இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

உயிரியல் கட்டுப்பாட்டின் பெயர்பெற்ற வெற்றிகளை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். 1925இல் மலாயாவிலிருந்து ஃபிஜிக்குக் கொண்டுபோன ஓர் ஒட்டுண்ணி ஈ, அங்கே தென்னையை அழித்துவந்த அந்துப்பூச்சியைச் சில மாதங்களில் அடக்கியது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டில் மரவள்ளி, மல்பெரி வரை பரவியபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோஃபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவி அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இவ்விரண்டும் குறிப்பிட்ட இரையையோ அதன் நெருங்கிய இனங்களையோ தேடிப்போகிறவை. இரை பெருகினால் தாமும் விரைந்து பெருகுகின்றன. கும்பிடு பூச்சி முட்டையிலிருந்து முதிர்ச்சியடைய மாதங்கள் ஆகும். அசுவினிக்கு ஒரு தலைமுறை என்பது ஒரு வாரம், பத்து நாள். போதாக்குறைக்கு, குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னவும் செய்யும்.

‘எந்நேரமும் வெயிலும் மழையுமாக இருக்கும் நாட்டில் மெதுவாக வளரும் இந்தக் குறை எடுபடாதே’ என்று எதிர்வாதம் செய்யலாம். அதில் நியாயம் இருக்கிறது. கும்பிடு பூச்சியைக் குறைத்து மதிப்பிடும் எழுத்துகளில் பல, குளிர்நாட்டு அனுபவத்தில் பிறந்தவை. அங்கே குஞ்சுகள் வசந்தத்தில் வெளிவந்து, பருவத்தின் கடைசியில்தான் முழு உருவம் பெறும். குளிர்காலமே இல்லாத கிள்ளானில் குஞ்சும் வளர்ந்ததும் ஒரே வேலியில் இருக்க முடியும். சிறிய இரைக்குச் சிறியது, பெரியதற்குப் பெரியது. ஆனாலும் எதைத் தின்பது என்று அது பகுத்துப் பார்ப்பதில்லை என்ற அடிப்படைக் குறை அப்படியே நிற்கிறது.

அப்படியானால் ஏன் காக்க வேண்டும்? கும்பிடு பூச்சி தங்கியிருக்கும் தோட்டத்தில் அதற்குத் தீனியாகும் அளவுக்குப் பல வகைப் பூச்சிகள் உயிரோடு இருக்கின்றன. மருந்தடிப்பு குறைவு என்பதற்கு அது கண்ணுக்குத் தெரியும் சான்று. கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் ஆண்டுதோறும் டிங்கிக் காய்ச்சலில் முன்னிற்கும் மாநிலம். நோய் கண்ட தாமானில் புகையடிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது; உயிர் பெரிது. ஆனால் அந்தப் புகைக்கு ஏடிஸ் கொசு வேறு, கும்பிடு பூச்சியின் இளங்குஞ்சு வேறு என்று தெரியாது. புகையடிக்கும் தேவையையே குறைக்கத் தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதும், வீட்டுக்காரரே கடையில் வாங்கித் தெளிக்கும் மருந்தை நிறுத்துவதும் நம் கையில் இருக்கின்றன. ஒட்டுண்ணிக் குளவிகள், பொறிவண்டுகள், சிலந்திகள் என்று உண்மையாகவே வேலை செய்யும் கூட்டத்துக்கும் அதனால் வாழ்வு.

முட்டைக்கூடுகளை விலைக்கு வாங்கி விடுவதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் அது பெரிய வியாபாரம். அங்கே அதிகம் விற்கும் சீனக் கும்பிடு பூச்சி, 1896இல் பிலடெல்பியாவுக்கு அருகே முதன்முதலில் காணப்பட்ட வந்தேறி. நம் வேலியில் ஏற்கெனவே இருப்பதே போதும். செம்பருத்தியைக் கவாத்து செய்யும்போது உறைந்த நுரை போன்ற பழுப்புக் கூடு ஒட்டிய கிளையை மட்டும் விட்டுவைக்கலாம். தெரியாமல் வெட்டிவிட்டால் அந்தத் துண்டைக் குப்பையில் போடாமல், எறும்பு எளிதில் எட்டாத உயரத்தில் இன்னொரு கிளையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.