கோழிக்கு வந்த கழிச்சலும் தடுப்பூசியும்

வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறி, கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்து கோழிகளைச் சாகடிக்கும் வெள்ளைக்கழிச்சல் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவாயிற்று. விரைவிலேயே குமாவுன் மலையின் ராணிகேத்திலும் தென்பட, இந்தியாவில் அது ராணிகேத் நோயாயிற்று. தப்பிப் பிழைக்கும் கோழியும் முட்டை குறைந்து தோல்முட்டை இடும்.

இதை உண்டாக்கும் வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே இந்நோயின் வரலாறு பெரும்பாலும் தடுப்பூசியின் வரலாறே. முக்தேசுவர் ஆய்வகத்தில் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ், வளர்ந்த கோழிக்கு இறக்கையடியில் ஊசியாயிற்று. குஞ்சுக்கு அது கடுமை என்பதால் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடும் மென்மையான தடுப்பு மருந்து வந்தது.

தமிழ்நாட்டுக்கான தடுப்பூசியை 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை நிலையம் தயாரித்தது. ஆனால் அதைக் குளிரில் வைக்கக் குளிர்ப்பெட்டியில்லாப் புறக்கடைக் கோழி வளர்ப்புக்கே உண்மையான தேவை இருந்தது. அதற்கெனக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தை உருவாக்கியது.