தடித்த எழுத்தின் கதை

தெருவிற் செல்வோர் நின்று படிப்பதில்லை, நடந்தவாறே பார்க்கின்றனர். அவர்தம் கண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே தோன்றியவை தடித்து நெருங்கிய விளம்பர எழுத்துக்கள். அவற்றின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

உரோமன் எழுத்துக்களின் முனைகளிற் சிறு குறுக்குக் கோடுகள் அமைந்திருத்தலை அன்பர்கள் கண்டிருப்பார்கள். அக்கோடுகளை நீக்கிய அச்செழுத்து 1816-ஆம் ஆண்டில், இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில் வெளிவந்தது. தலைப்பெழுத்துக்கள் மட்டுமே, அதுவும் ஒரே அளவில். 1819-இல் அவருடைய வார்ப்பகம் ஷெபீல்டு நகரத்தார் கைக்கு மாறியது. கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன அவ்வூரில், பின்னர் அது ஸ்டீபன்சன் பிளேக் என்னும் பெயருடன் தழைத்தது.

சுவரொட்டிகள் பெருகவே எழுத்தும் பெருக்க வேண்டியதாயிற்று. ஈயத்தில் வார்த்த பேரெழுத்து பொறுக்க முடியாத கனம், விலையும் மிகுதி. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பார் மரத்தில் எழுத்துக் கடையும் பொறியை அமைத்தார். தாளின் அகலமோ மாறாதது. நீண்ட பெயரை ஒரே வரியில் அடக்க எண்ணியபொழுது எழுத்தின் இடையை ஒடுக்குவதன்றி வேறு வழியில்லை.

1965-இல் ஜெப்ரி லீ என்னும் ஆங்கில வடிவமைப்பாளர் இவ்வழியின் எல்லைவரை சென்றார். 'இம்பாக்ட்' என்பது அவர் படைத்த எழுத்தின் பெயர். தாளில் இயன்ற அளவு மை ஏறவேண்டும் என்பதே அவர் நோக்கம். சிற்றெழுத்துக்கள் தலைப்பெழுத்துக்களை எட்டிப்பிடிக்குமளவு உயர்ந்து நிற்கும்; உள்ளிருக்கும் வெளியோ கீற்றுப்போல் மெலிந்திருக்கும். அதனை வார்த்து வெளியிட்டது அதே ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகந்தான்! ஈய எழுத்துத் தொழில் நலிந்துவந்த காலம் அது. ஆயினும் 1996-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இணையத்துக்கென விலையின்றி வழங்கிய எழுத்துக்களுள் இதுவும் இடம்பெற்றது. கணிப்பொறி உள்ள வீடெல்லாம் புகுந்தது. இன்று நம் பிள்ளைகள் படங்களின் மேலும் கீழும் வேடிக்கை வரி பொறித்து அனுப்புகிறார்களே, அவற்றுள் மிகப்பல இவ்வெழுத்திலேயே அமைந்தவை. லீயின் பெயரை அவர்கள் அறியார்.

இம்முறையைத் தமிழுக்கு அப்படியே கொள்ளலாமா? நம் மொழியில் எழுத்தின் உள்வெளி வெறும் அழகுக்கன்று. இரு சுழி னகரத்தையும் முச்சுழி ணகரத்தையும் வேறுபடுத்துவது அதுவே. மை நிரம்பிச் சுழி அடைபட்டால் 'பணி' 'பனி'யாகும். 'மணம்' 'மனம்' ஆகிவிடும். ஊரில் வளர்ந்த நாம் அதனை ஊகித்தறிவோம். இங்கே பிறந்து, பள்ளியிற் பிறமொழி பயின்று, நம் விழாப் பலகைகளிலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலுமே தமிழெழுத்தைக் காணும் குழந்தை எதனைக்கொண்டு ஊகிக்கும்?

ஆகவே இவ்வாண்டு விழாப் பலகை எழுதியவரிடம், எழுத்துத் தடித்திருக்கட்டும், சுழி மட்டும் அடையலாகாது என்று கேட்டுக்கொண்டோம். பலகை சென்ற ஆண்டினும் ஒரு முழம் நீண்டுவிட்டது.