குழந்தைக் காப்பகங்களில் தலைமை மாற்ற அறிவிப்பு (புனே)

பதிவோ உரிமமோ பெற்ற ஒரு குழந்தைக் காப்பகத்தின் அறங்காவலர், தலைவர், செயலாளர் அல்லது பொறுப்பாளர் மாறினால், அதைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குக் கெடுவுக்குள் எழுத்தில் தெரிவிக்கும் கடமையே தலைமை மாற்ற அறிவிப்பு. மகாராஷ்டிரத்தின் புனே நகரில் இக்கடமை ஒரே சட்டத்தில் அடங்கியதன்று. காப்பகம் எவ்வகை, அதை நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்து அலுவலகமும் கெடுவும் வேறுபடும். அறக்கட்டளைகள் நடத்தும் காப்பகங்களுக்கு மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டம், 1950-இன் 22-ஆம் பிரிவே முதன்மையானது.

காப்பக வகைகள்

முதல் வகை, குழந்தைகள் தங்கி வளரும் இல்லங்கள். சாசூன் மருத்துவமனையைச் சார்ந்து சோஃபோஷ் அமைப்பு நடத்தும் ஸ்ரீவத்ஸ் இல்லம் இதற்குச் சான்று. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 41-ஆம் பிரிவின்படி இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றாக வேண்டும். பதிவு 5 ஆண்டு செல்லும். பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இவ்வில்லங்களை மேற்பார்க்கும் மாநில மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு ஆணையரகம் புனேயில்தான் இயங்குகிறது.

இரண்டாம் வகை, பகல்நேரக் காப்பகங்கள். மராத்தியில் இவற்றுக்குப் பாள்ணாகர், அதாவது தொட்டில் வீடு, என்று பெயர். ஹிஞ்சவடி, கராடி போன்ற மென்பொருள் வட்டாரங்களில் வேலைக்குப் போகும் பெற்றோர் இவற்றை நம்பியே இருக்கின்றனர். கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தாரா மொபைல் கிரெஷஸ் அமைப்பு பணியிடங்களிலேயே காப்பகம் நடத்துகிறது. 2017-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் திருத்தச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. தாய் நாளுக்கு 4 முறை குழந்தையைப் பார்த்துவரவும் வழி செய்தது. அதற்கான குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது.

சேஞ்ச் ரிப்போர்ட்

மகாராஷ்டிரத்தில் பதிவான ஒவ்வொரு பொது அறக்கட்டளைக்கும் அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டுப் பக்கம் உண்டு. அறங்காவலர் பெயர், முகவரி, பொறுப்பு கைமாறும் முறை, நோக்கம், சொத்து ஆகியன அதில் இருக்கும். இவற்றில் ஒன்று மாறினாலும், 22-ஆம் பிரிவின்படி மாறிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் துணை அல்லது உதவி ஆணையரிடம் மூன்றாம் அட்டவணைப் படிவத்தில் அறங்காவலர் தெரிவிக்க வேண்டும். அலுவலக வழக்கில் இதைச் 'சேஞ்ச் ரிப்போர்ட்' என்பார்கள். ஜூன் 1-ஆம் தேதி செயலாளர் விலகினால், ஆகஸ்ட் 30-ஆம் தேதியோடு கெடு முடிகிறது.

படிவத்துடன் கூட்ட அறிவிப்பு, நடவடிக்கைக் குறிப்பு, தீர்மான நகல், விலகியவரின் ராஜினாமாக் கடிதம் அல்லது இறந்தவரின் இறப்புச் சான்று, புதியவரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைப்பார்கள். கூட்ட அறிவிப்பு எல்லா உறுப்பினர்களுக்கும் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா, போதிய எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வந்தார்களா என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே பெரும்பாலான தகராறுகள் எழுகின்றன. நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒரு தேதி விடுபட்டுப்போனால் ஆண்டுக்கணக்கில் வழக்கு நீளலாம்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க 2017-இல் அறக்கட்டளைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. அறங்காவலர் மாற்றத்தை முதலில் தற்காலிகமாக ஏற்று, எதிர்ப்பு தெரிவிக்க 30 நாள் தந்து, எதிர்ப்பு வராவிட்டால் அதையே இறுதியாக்கலாம். தக்க காரணத்தால் 90 நாள் தவறியவர்கள் செலவுத்தொகை கட்டிக் கூடுதல் அவகாசம் பெறவும் இடமுண்டு.

பிற அலுவலகங்கள்

காப்பகத்தை நடத்துவது கம்பெனியாக இருந்தால், இயக்குநர் மாற்றத்தை 30 நாட்களுக்குள் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு, முக்கியப் பொறுப்பாளர் மாற்றத்தை 45 நாட்களுக்குள் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு இணையவழி அறிவிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டில் பதிவான சங்கங்கள், நிர்வாகக் குழு மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் 7-ஆம் எண் படிவத்தில் பதிவாளரிடம் தருகின்றன.

குறைபாடு

1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேட்டில் அறங்காவலரோடு மேலாளர் பெயருக்கும் இடமுண்டு. ஆனால் அச்சட்டத்தில் மேலாளர் என்றால் அறக்கட்டளையின் சொத்தை நிர்வகிப்பவர். காலையில் கதவைத் திறந்து, குழந்தையைக் கையில் வாங்கி, மருந்து வேளையைக் குறித்துக்கொள்ளும் கண்காணிப்பாளர் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. அவர் மாறினால் சேஞ்ச் ரிப்போர்ட் தேவைப்படாது. தனிநபர் வீட்டில் நடத்தும் சிறு காப்பகத்தின் நிலை இன்னும் தளர்வானது. சிலரே பணிபுரியும் இடத்துக்கு மாநிலக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், 2017-இன்படி தகவல் கொடுத்தாலே போதும்.

இது எத்தனை பெரிய ஓட்டை என்பதை 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் நடந்தது காட்டியது. அங்குள்ள காப்பகம் ஒன்றில் பத்து மாதக் குழந்தையைப் பணியாளர் அடித்தது கேமராவில் பதிவாகி நாட்டையே உலுக்கியது. குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது, அவரை யார் மேற்பார்க்கிறார் என்ற கேள்வி அப்போது வீடுதோறும் எழுந்தது.

பிற நாடுகள்

இங்கிலாந்தில் காப்பக மேலாளர் மாறினால் ஆஃப்ஸ்டெட் என்ற கண்காணிப்பு அமைப்புக்கு இயன்றவரை முன்கூட்டியே, எப்படியும் 14 நாட்களுக்குள், அறிவிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் காப்பக இயக்குநர் மாற்றத்தை 10 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பதோடு, புதியவரின் கல்வி, அனுபவச் சான்றுகளையும் தர வேண்டும். இவ்விரு இடங்களிலும் குழந்தையோடு இருப்பவரைப் பற்றியே அரசு கேட்கிறது.

மதிப்பீடு

சேஞ்ச் ரிப்போர்ட் முறை அறக்கட்டளைச் சொத்தைக் காக்க அமைந்தது. அந்த வேலையை அது செய்கிறது. குழந்தையைக் காக்க, காப்பகத்தின் அன்றாடப் பொறுப்பாளர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர் மாறும் நாளில் அதுவும் மாற வேண்டும். சட்டம் அதுவரை வராவிட்டாலும், பொறுப்பாளர் பெயரையும் பொறுப்பேற்ற தேதியையும் வாசலில் எழுதி வைக்க எந்தக் காப்பகத்துக்கும் தடையில்லை. பிள்ளையை விடும் முன் அதைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை.