அகதியாக வந்த துப்பறிவாளர்

அகதா கிறிஸ்டியின் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நாவலைக் கல்லூரி நாட்களில் படித்தபோது, கொலையாளி யார் என்பதிலேயே குறியாக இருந்தேன். அண்மையில் மறுபடி எடுத்தேன். விடைதான் தெரியுமே, அவசரமில்லை. இந்தத் தடவை கண்ணில் பட்டது சரித்திரம்.

முதல் உலகப்போரின் நடுவே, 1916-இல் எழுதப்பட்டு 1920-இல் வெளிவந்த நூல் இது. 1914-இல் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்ததும், சுமார் இரண்டரை லட்சம் பெல்ஜியர்கள் பிரிட்டனில் தஞ்சமடைந்தனர். கிறிஸ்டியின் சொந்த ஊரான டார்க்கியிலும் சிலர் குடியேறினார்கள். துப்பறியும் ஹெர்குல் பாய்ரோவை அவர்களில் ஒருவராகத்தான் அவர் படைத்தார்.

துப்புகளில்கூடப் போர்க்கால வாசனை. ஸ்டைல்ஸ் மாளிகையில் கிழிந்த காகிதத்தைக்கூட எறியாமல் மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில், வேகாத வெயிலில், எஜமானி அம்மாள் தன் அறையில் நெருப்பு மூட்டச் சொல்கிறார். எதற்கு? ஒரு பத்திரத்தை ஒழித்துக்கட்ட அவருக்கு வேறு வழியில்லை! பாய்ரோ இதைச் சட்டென்று பிடித்துவிடுகிறார்.

கொலையுண்டவரும் அந்த அம்மாள்தான். பாய்ரோவுக்கும் அவருடைய நாட்டவர் சிலருக்கும் தங்க இடம் தந்தவர். ஆகவே பாய்ரோவுக்கு இது வெறும் வழக்கல்ல, உப்பிட்டவருக்குச் செலுத்தும் நன்றிக்கடன். முதல் வாசிப்பில் இதை நான் கவனிக்கவே இல்லை.

போர் முடிந்ததும் பெல்ஜியர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர். பாய்ரோ தங்கிவிட்டார். 1975-இல் வந்த 'கர்ட்டன்' நாவலில், அதே ஸ்டைல்ஸில்தான் அவர் கதை முடிகிறது. அந்த இரண்டரை லட்சம் பேரைப் பிரிட்டன் ஏறக்குறைய மறந்தேவிட்டது. நினைவில் நிற்பவரோ, பிறக்காத ஒருவர்.