பண்டித ரமாபாயை இயேசுவிடம் ஈர்த்தது எது?

ஒருவர் ஏன் இயேசுவை நேசிக்கிறார் என்று கேட்டால் பல பதில்கள் வரும். சிலருக்கு அது பிறப்பால் வந்த பக்தி. சிலருக்கு நோயில் கிடைத்த ஆறுதல். இந்தியாவில் மதம் மாறியவர் என்றால் இன்னொரு பதிலும் தயாராக இருக்கும்: "வெள்ளைக்காரன் தந்த சலுகைக்காகப் போயிருப்பார்!" ஆனால் இந்தப் பதில்கள் எதிலும் அடங்காத ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர்தான் பண்டித ரமாபாய். சமஸ்கிருதக் கடலில் நீந்திய அந்தப் பெண்ணை இயேசுவிடம் இழுத்தது எது?

பாதயாத்திரையில் வளர்ந்த சிறுமி

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு இன்றைய கர்நாடகத்தின் மலைக்காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே ஒரு சித்பாவன் பிராமணர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்று ஊரார் எதிர்த்தபோதும், தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தவர். அந்தத் தாயிடமே ரமாபாய் பாடம் கேட்டார். பாகவதத்தின் ஆயிரக்கணக்கான சுலோகங்களை இளம் வயதிலேயே மனப்பாடம் செய்தார்.

குடும்பம் ஊர் ஊராக, தலம் தலமாக நடந்தது. கோயில்களில் புராணம் வாசிப்பதே அவர்களின் தொழில். 1870-களின் நடுவில் வந்த பஞ்சம் அந்தக் குடும்பத்தைச் சிதைத்தது. தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்தனர். பிறகு அக்காளும் போய்விட்டாள். எஞ்சிய அண்ணனும் தங்கையும் நடந்தே 1878-ல் கல்கத்தா வந்து சேர்ந்தனர். இருபது வயதுப் பெண்ணின் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களை அளித்தனர்.

பட்டம் கிடைத்தது, அமைதி கிடைக்கவில்லை! சாத்திர நூல்கள் பல விஷயங்களில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, ஆனால் பெண்கள் தாழ்ந்தவர்கள் என்பதிலும் ஆணைப் போல் பெண் நேராக மோட்சம் அடைய முடியாது என்பதிலும் எல்லாம் ஒன்றுபடுகின்றன என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். படிக்கப் படிக்க அவருக்குள் வளர்ந்தது இந்தக் கசப்புதான்.

1880-ல் சாதி கடந்து ஒரு வங்காளி வழக்கறிஞரை மணந்தார். கணவரின் புத்தக அலமாரியில்தான் லூக்கா எழுதிய நற்செய்தியின் வங்காள மொழிபெயர்ப்பு அவர் கையில் அகப்பட்டது. ஆனால் 1882-ல் கணவர் காலராவில் இறந்தார். 23 வயதில், கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் விதவையானார்.

ஃபுல்ஹாமில் கேட்ட கேள்வி

1883-ல் மருத்துவம் படிக்கும் நோக்கத்தோடு இங்கிலாந்து சென்றார். வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் ஒன்றில் தங்கினார். காது சரியாகக் கேட்காத குறையால் மருத்துவக் கனவு கைகூடவில்லை.

அந்தக் கன்னியர்கள் லண்டன் ஃபுல்ஹாமில் ஓர் இல்லம் நடத்தி வந்தனர். சமூகம் 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம் அது. அங்கே அப்பெண்களை அன்போடு நடத்துவதைக் கண்ட ரமாபாய்க்கு வியப்பு தாங்கவில்லை. தம் ஊரில் இப்படிப்பட்டவர்களைத் தொடக்கூட மாட்டார்களே! இவர்களைக் கவனிக்க உங்களைத் தூண்டுவது எது என்று ஒரு சகோதரியிடம் கேட்டார்.

சகோதரி யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். நண்பகல் வெயிலில் கிணற்றடியில் இயேசு அமர்ந்திருக்கிறார். தண்ணீர் எடுக்க ஒரு சமாரியப் பெண் வருகிறாள். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. அவளோ ஐந்து கணவர்களோடு வாழ்ந்தவள். அவளிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, உண்மையோடு கடவுளை வழிபடும் காலம் வருகிறது என்ற பெரிய உபதேசத்தை அந்தப் பெண்ணிடம்தான் சொல்கிறார்.

தலம் தலமாக நடந்தே வளர்ந்தவர் ரமாபாய். பெண்ணுக்கு ஞானம் எதற்கு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். அவருடைய இரண்டு காயங்களுக்கும் இந்த ஒரு கதையில் மருந்து இருந்தது. இங்கே ஒரு குரு, பெண்ணை வெறுக்கவில்லை, அவளோடு வாதம் செய்கிறார்! 1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாய் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

திருச்சபைக்கும் தலைவணங்கவில்லை

இந்தியாவில் பெரும் புயல் கிளம்பியது. தேசியவாதிகள் சாடினர். ஜோதிராவ் ஃபுலே மட்டும் அவருக்காகப் பரிந்து எழுதினார்.

ஆனால் மிஷனரிகளுக்கும் ரமாபாய் எளிதான சீடராக இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. திரித்துவக் கோட்பாட்டைக் கேள்வி கேட்டார். மரக்கறி உணவை விடவில்லை. சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் என்ன குறைந்தது என்று வாதாடினார். அவர் ஆண்களுக்குப் பாடம் நடத்துவதை ஆயர்கள் எதிர்த்தபோது, என் தந்தையும் கணவருமே தடுக்கவில்லையே, ஆங்கிலேயர் ஏன் தடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியை உதறிய நான் இன்னொரு நுகத்தடியில் கழுத்தைக் கொடுப்பதா என்பதே அவர் வாதம்.

சலுகைக்காக மாறியவர் இப்படி வாதாடுவாரா? அவரை ஈர்த்தது திருச்சபையின் அதிகாரமோ ஆட்சியாளரின் செல்வாக்கோ அல்ல, கிணற்றடியில் அமர்ந்திருந்த அந்த மனிதரே என்பது இதனால் புலனாகிறது. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழித்தும், தாம் கண்டது கிறிஸ்தவ மதத்தை மட்டுமே, கிறிஸ்துவை இன்னும் காணவில்லை என்று அவர் உணர்ந்தார். மதம் வேறு, கிறிஸ்து வேறு என்று பிரித்துப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது.

கெட்காவில் ஒரு கிணற்றடி

1889-ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் 'சாரதா சதன்' பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பள்ளி புனேக்கு மாறியது. 1893-ல் மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்து, பலர் தங்கள் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர். ரமாபாய் தளரவில்லை. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குச் சென்று நூற்றுக்கணக்கான பெண்களை மீட்டார். பசியின் கொடுமையை அறிந்தவர் அல்லவா! புனே அருகே கெட்காவில் உருவான 'முக்தி' இல்லத்தில், 1900-ஆம் ஆண்டின் பஞ்சத்துக்குப் பிறகு ஏறக்குறைய 2,000 பேர் இருந்தனர்.

அங்கே 'கிருபா சதன்' என்று தனி இல்லம் ஒன்றும் இருந்தது. அது யாருக்கு? ஃபுல்ஹாமில் அவர் கண்டவர்களைப் போலவே, ஊர் ஒதுக்கிய பெண்களுக்கு.

கடைசி ஆண்டுகளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கிராமத்துப் பெண்களுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் பைபிளை மொழிபெயர்த்தார். அந்தப் பணி முடிந்த சிறிது காலத்திலேயே, 1922 ஏப்ரல் 5 அன்று காலமானார். சமாரியப் பெண்ணின் கதையை அவருக்கு ஒருவர் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. முக்தி இல்லத்துப் பெண்கள் அதைத் தங்கள் சொந்த மொழியில் தாங்களே வாசிக்க அவர் வழி செய்துவிட்டுப் போனார்.